மேஸ்திரியைத் தனியே வைக்கவும்

ஊரிகம்
4 ஜனவரி 2026

அன்புள்ள விமலாவுக்கு,

போனில் கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தாய். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை இப்படித்தான் மடக்குவார்கள். மைதானத்துக்குப் போகாதே என்றால் மைதானச் சுவர்மேல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது இப்போது உதவுகிறது.

விஷயம் இதுதான். நம் சுனிதா வளர்த்த பஞ்சு சினையாக இருக்கிறது.

பஞ்சுவை நீ ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாய். பெங்களூரில் அவளுடைய காரியம் நடந்த அன்று, பால்கனி ஓரத்தில் இரண்டு கூண்டுகள் இருந்தன. இது முயலா எலியா என்று கேட்டாய். அதன் பெயர் சின்சில்லா. எங்கேயோ தென் அமெரிக்க மலையில் வாழும் பிராணி. எலியின் காது, அணிலின் வால், கைக்குட்டை அளவுக்கு உடம்பு. ஒரு வேர்க்காலில் அறுபது முடி இருப்பதால் நனைந்தால் சீக்கிரம் காயாது. அதனால் தண்ணீரில் குளிக்காது, மெல்லிய தூளில் புரண்டு குளிக்கும்.

செப்டம்பரில் மாப்பிள்ளை உதய் புனேவுக்கு வேலை மாறிப் போகும்போது இரண்டையும் இங்கே கொண்டுவந்து வைத்தான். "மாமா, இதுங்க மூஞ்சியப் பாத்துக்கினு என்னால இருக்க முடியல" என்றான். எப்படி வளர்ப்பது என்று சுனிதா எழுதி வைத்திருந்த ஒரு நோட்டையும் கொடுத்தான். பெண்ணின் பெயர் பஞ்சு. ஆணின் பெயர் மேஸ்திரி. சுரங்கத்தில் ஷிப்ட் தொடங்குமுன் மேஸ்திரி ஒவ்வொரு மூலையாக நின்று பார்ப்பார் என்று என் அப்பா சொன்ன கதையிலிருந்து அவள் எடுத்த பெயர். அதுவும் அப்படித்தான் கூண்டைச் சுற்றி மேற்பார்வை பார்க்கும்.

இரண்டும் தனித்தனிக் கூண்டில்தான் இருந்தன. தீபாவளி அன்று நம் சுரங்கக் குடியிருப்பு லைன் முழுக்க வெடிச் சத்தம். இரண்டும் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று பார்த்தபடி நடுங்கின. பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரே கூண்டில் விட்டுவிட்டேன்.

இப்போது பஞ்சு எடை கூடிக்கொண்டே போகிறது. அடுத்த வீட்டு ரத்தினம்மாவின் காய்கறித் தராசில் வாராவாரம் நிறுத்துகிறேன். "இன்னா சார், எலிய நிறுத்து விக்கப் போறியா?" என்கிறாள். நூற்றுப் பதினோரு நாள் சுமக்குமாம். தீபாவளியிலிருந்து எண்ணினால் பிப்ரவரி எட்டு.

உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அவளுடையது அல்லவா.

மனோகர்


பூதிகோட்டை
9 ஜனவரி

சுனிதா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. அண்ணன் ராஜப்பா கொண்டுவந்து மாட்டுக் கொட்டகையிலேயே கொடுத்தார். சாணிக் கையோடு படித்தேன். கறை இருந்தால் அதுதான்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. போனில் நீங்கள் உதாரணம் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கடிதம் என்றால் மடித்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகலாம். இதையும் இரண்டு தடவை மடித்து வைத்தேன்.

தனித்தனியாக இருந்ததை ஒன்றாக விடச் சொல்லி யார் உங்களைக் கேட்டது? அவள் பிரித்து வைத்திருந்தாள் என்றால் ஏதோ நினைத்துத்தானே வைத்திருப்பாள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் உடனே சரி செய்துவிட வேண்டும். மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்பதில்லை.

சரி, ஆனது ஆகிவிட்டது. வாயில்லாத ஜீவன். ஒழுங்காகப் பாருங்கள்.

அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் வார்த்தையில் வேண்டாம். அவள் எழுதியதை எழுதியபடியே.

விமலா


ஊரிகம்
15 ஜனவரி, பொங்கல்

அன்புள்ள விமலாவுக்கு,

பொங்கல் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. ரத்தினம்மா ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள்.

நோட்டு நம் பள்ளிக்கூட நோட்டுதான். நான் ஓய்வு பெற்றபோது மிச்சமாகக் கொண்டுவந்த கட்டிலிருந்து அவள் எடுத்துப் போயிருக்கிறாள். கையெழுத்து மாறவே இல்லை. 'ழ'வுக்கு வால் நீளமாக இழுப்பாளே, அதே வால்தான். கீழே இருப்பது அவள் எழுதியது.

"காய்ந்த புல்தான் பஞ்சுவுக்குச் சோறு. பெல்லட் தீவனம் என்பது குழம்பு, கொஞ்சமாக. உலர் திராட்சை தீபாவளி, வருஷத்துக்கு ஒரு தடவை மாதிரி நினைத்துக்கொள்ளவும். கண்ணைப் பார்த்து ஏமாந்து தினமும் தீபாவளி கொண்டாடக் கூடாது.

"வெயில் ஆகாது. இருபத்தைந்து டிகிரி தாண்டினால் காது சிவக்கும். கருங்கல் பலகையை நனைக்காமல் உள்ளே வைத்தால் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

"என் குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு இரண்டையும் ஒன்றாக விடலாம். முதலில் நான், பிறகுதான் பஞ்சு. சினையானால் தூக்கக் கூடாது, வயிற்றை அழுத்திப் பார்க்கக் கூடாது. மேல் தட்டுகளைக் கழற்றிவிட வேண்டும், குதித்து விழும். குட்டி போட்ட பிறகு பத்து நாள் தூள் குளியல் கிடையாது. குட்டி முழுசாக முடியோடு பிறக்கும். கண் திறந்தே பிறக்கும்!!!"

மூன்று ஆச்சரியக்குறி அவள் போட்டதுதான். நான் ஒரு குறிக்கு மேல் போட்டால் மதிப்பெண் குறைப்பவன் என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் சிவப்பு மையைத் தொட மனம் வரவில்லை.

தூள் தீர்ந்துபோய் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். ரத்தினம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மண்ணையா துட்டு குடுத்து வாங்கினே? சயனைடு மேட்டுல கெடக்குது மல மாதிரி, ஒரு மூட்ட வாரிக்கினு வரவேண்டியதுதானே" என்றாள். தங்கம் எடுத்தபின் கொட்டிய அந்த மேட்டுத் தூள் என் அப்பாவின் நெஞ்சில் நாற்பது வருஷம் இருந்தது, இதன் நெஞ்சிலும் வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை. அவள் அப்பாவும் அப்படிப் போனவர்தான்.

மனோகர்


பூதிகோட்டை
21 ஜனவரி

சுனிதா அப்பாவுக்கு,

அவள் எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. "முதலில் நான், பிறகுதான் பஞ்சு" என்ற இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் அண்ணி எதையோ கேட்கிற மாதிரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஒன்று கேட்கிறேன். ஆணைப் பற்றி அவள் ஒன்றும் எழுதவில்லையா? இங்கே மாடு கன்று போடும் சமயத்தில் காளையை அந்தப் பக்கமே விடமாட்டோம். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். சின்ன வயதில் கோடை விடுமுறை முழுக்க இந்தக் கொட்டகையில்தானே கிடந்தாள்.

அவள் எழுதாவிட்டாலும் நான் சொல்கிறேன். மேஸ்திரியை இப்போதே பிரித்து வையுங்கள். நம்மில் ஏழாம் மாதம் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது வளையல் அடுக்கி மஞ்சள் பூசுவதற்கு மட்டும் இல்லை. நிறைமாதக்காரிக்குப் புருஷன் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டாத ஒரு இடம் வேண்டும். படுத்தால் ஏன் படுத்தாய் என்று கேட்காத இடம். இதை நான் போன முறையும் சொன்னேன். நம் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னேன். அது அந்தக் காலத்து வழக்கம் என்றீர்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக இருந்து குழந்தையை வரவேற்பதுதான் நாகரிகம் என்றீர்கள். இங்கே சுரங்க ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது, பெங்களூரில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது என்றீர்கள். ஜோடிப் புறாவை வைத்து ஒரு உதாரணமும் சொன்னீர்கள். எனக்கு வாதம் செய்யத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

எட்டாம் மாதம். உதய் வேலையாக இரண்டு நாள் சென்னைக்குப் போயிருந்தான். இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, பக்கத்து வீட்டார் கதவை உடைக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையும்தான். தெருவுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

இதையெல்லாம் மறுபடி எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. மேஸ்திரியைப் பிரித்து வையுங்கள். அவ்வளவுதான்.

விமலா


ஊரிகம்
28 ஜனவரி

அன்புள்ள விமலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

மேல் தட்டுகளைக் கழற்றியாயிற்று. குட்டி கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், கம்பி இடுக்கில் நழுவிவிடும் என்பதால் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்ச் சின்னக் கண் வலை வாங்கிவந்து சுற்றிலும் கட்டினேன். கடைக்காரன் என்னிடம் படித்தவன். கோழிக்கா சார் என்றான். ஆமாம் என்றேன். விளக்கம் சொன்னால் அரை நாள் ஆகும். கால்நடை டாக்டரையும் பார்த்தேன். சின்சில்லாவை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் பெங்களூரில் தெரிந்தவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வலி எடுத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனால் காத்திருக்க வேண்டாம், என்ன நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள் என்றார். நல்ல மனுஷன்.

நேற்றுக் காலை கல் பலகைமேல் பஞ்சு பக்கவாட்டில் படுத்திருந்தது. விலாவில் ஒரு அசைவு. ஒரு உதாரணம் சொல்கிறேன், மடித்து வைக்காதே. வகுப்பில் பரீட்சை நடக்கும்போது எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பெஞ்சில் ஒருவன் மட்டும் மெல்ல இடம் மாறி உட்காருவான். பார்த்தோமா இல்லையா என்று நமக்கே சந்தேகமாக இருக்கும். அப்படி ஒரு அசைவு. ஒரு மணி நேரம் நின்றேன். இரண்டு இடத்தில் தெரிந்தது. இரண்டு குட்டி என்று நினைக்கிறேன்.

மேஸ்திரியைப் பற்றிக் கவலைப்படாதே. அவனுக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துவிட்டேன்.

மனோகர்


பூதிகோட்டை
2 பிப்ரவரி

சுனிதா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பை வரும். அண்ணன் தக்காளி வண்டியில் மார்க்கெட்டுக்கு வரும்போது கொடுப்பார். உள்ளே இருப்பது அருகம்புல். மருந்தடிக்காத வரப்பில் அறுத்து, கழுவி, நிழலில் எட்டு நாள் காயப் போட்டேன். தூசி இல்லாமல் உதறியிருக்கிறேன். பஞ்சு தின்கிறதா என்று எழுதுங்கள்.

கடைசிப் பெஞ்சு உதாரணத்தை மடித்து வைக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வரலாம் என்று இருக்கிறேன். குட்டிகளைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடுவேன். தங்குவதற்கு இல்லை. அண்ணியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கண் திறந்தே பிறக்கும் என்று எழுதியிருக்கிறாளே, அதைப் பார்க்க வேண்டும். நம் பேரன் கண் திறந்து நான் பார்க்கவில்லை.

எனக்காகச் சமைக்க வேண்டாம். அடிப்பிடிக்கும்.

விமலா


ஊரிகம்
9 பிப்ரவரி

விமலா,

வியாழக்கிழமை வர வேண்டாம்.

நேற்று விடிகாலையில் பஞ்சு குட்டி போட்டது. இரண்டு. ஒன்று பிழைத்திருக்கிறது. ஒன்று இல்லை. அதைப் பின்பக்கம் மருதாணிச் செடிக்கு அடியில் வைத்தேன்.

பஞ்சு நன்றாக இருக்கிறது. உன் அருகம்புல்லைத்தான் முதலில் தின்றது.

மனோகர்


பூதிகோட்டை
13 பிப்ரவரி

சுனிதா அப்பாவுக்கு,

வியாழக்கிழமை புடவை மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பிவிட்டேன். வழியில் தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். அங்கேயே நின்று படித்தேன். பஸ் வந்து போய்விட்டது.

ஒரே கேள்வி. அந்தக் குட்டி எப்படிச் செத்தது?

பாதியைச் சொல்லிப் பாதியை விடுவது உங்கள் பழக்கம். ஊரில் யாருக்கும் அது தெரியாது, வாத்தியார் விளக்கமாகப் பேசுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவள் நான். நீங்கள் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினால் நாற்பது வரி உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதுங்கள்.

விமலா


ஊரிகம்
22 பிப்ரவரி

அன்புள்ள விமலாவுக்கு,

ஒன்பது நாளாக எழுதிக் கிழித்தேன். இன்று கிழிக்கப் போவதில்லை.

மேஸ்திரியைப் பற்றி சுனிதா எழுதியிருந்தாள். நான் உனக்கு நகல் எடுத்தபோது அந்த வரியை விட்டுவிட்டேன். "குட்டி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மேஸ்திரியைத் தனியே வைக்கவும். கட்டாயம்." கட்டாயம் என்பதற்கு அடியில் இரண்டு கோடு. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் மறுபடி சேரும் நிலைக்கு வந்துவிடும், ஆண் விடாது துரத்தும், குட்டிகள் காலில் மிதிபடும் என்று காரணமும் எழுதியிருந்தாள். அப்போதே அவர்களைப் பிரிக்க எனக்கு மனமில்லை. எழுதினால் நீ பிரிக்கச் சொல்வாய் என்று தெரியும். அதனால் விட்டேன்.

நான் எழுதாமலே நீ சொன்னாய். ஜனவரி இருபத்தாறு அன்று பிரித்தேன். முன்னறையில் பழைய கூண்டில் அவனை வைத்தேன். இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை. மூலை பார்க்கும் வேலையையும் விட்டுவிட்டான். கதவைப் பார்த்து உட்கார்ந்து, நாய்க்குட்டி குரைப்பது மாதிரி விட்டுவிட்டுக் கூப்பிட்டான். தனியாக ஒரு வீட்டில், சாப்பிடாமல், கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பவனை எனக்குத் தெரியும். இருபத்தெட்டாம் தேதி உனக்கு அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, அவனைத் திரும்ப அவளோடு விட்டேன். ஏழாம் தேதி பிரித்துவிடலாம் என்று எனக்கே ஒரு கெடு வைத்துக்கொண்டேன். ஏழாம் தேதி வந்தபோது, தீபாவளிக் கணக்கு உறுதியில்லை, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று தோன்றியது.

எட்டாம் தேதி காலை ஆறு மணிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். இரண்டும் பிறந்துவிட்டிருந்தன. ஒன்று காய்ந்து புசுபுசுவென்று புல்லுக்குள் இருந்தது. மற்றது அப்போதுதான் வந்திருக்கிறது, ஈரம். பஞ்சு அதை நக்கிக் காயவைக்க நிற்கப் பார்க்கிறது. அவன் நிற்க விடவில்லை. அவள் ஓட, அவன் துரத்த, குட்டியின் மேலேயே மூன்று நான்கு சுற்று. நான் கதவைத் திறந்து அவனைப் பிடித்து வெளியே எடுப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. ஈரக்குட்டியைச் சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். ரத்தினம்மா ஓடிவந்து அடுப்பில் துணியைச் சூடாக்கிக் கொடுத்தாள். அரை மணி நேரம் மூச்சு இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. கடைசி வரைக்கும் என்னைப் பார்த்தது.

"சார், உடு. போயிடுச்சு. உள்ள இருக்கிறதப் பாரு" என்று ரத்தினம்மாதான் என் கையிலிருந்து வாங்கினாள்.

உன் கேள்விக்குப் பதில் இத்தோடு முடிகிறது. ஆனால் இன்னொரு பாதியும் இருக்கிறது. நீ கேட்காதது.

2024 பிப்ரவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, நீ சந்தைக்குப் போயிருந்தாய். சுனிதா போன் செய்தாள். "அப்பா, நான் அங்க வந்துரட்டா? என்னமோ பயமா இருக்குது. அம்மாகிட்ட இருக்கணும் போல இருக்குது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உதய் தனியா இருப்பான் பாரு. ஒரு மாசம் பொறுத்துக்க கண்ணு" என்றேன். "சரிப்பா" என்றாள். நீ வந்ததும் சொல்லவில்லை. சொன்னால் நீ அடுத்த ரயிலில் ஏறியிருப்பாய், நான் வாதத்தில் தோற்றிருப்பேன். பிறகு சொல்ல முடியாமல் போய்விட்டது.

அவள் பயந்தாள். நான் அவனுடைய தனிமையை நினைத்தேன். பஞ்சு நிறைமாதமாக இருந்தது. நான் மேஸ்திரியின் தனிமையை நினைத்தேன். வாழ்க்கை முழுக்க எல்லாவற்றுக்கும் உதாரணம் சொன்னவன். இதற்கு என்னிடம் உதாரணம் இல்லை.

நாளைக் காலை ராஜப்பா மச்சானின் வண்டி மார்க்கெட்டிலிருந்து காலியாகத் திரும்பும். அதில் பஞ்சுவையும் குட்டியையும் உன்னிடம் அனுப்புகிறேன். துரத்தியது வீண்போகாது, பஞ்சு மறுபடி சினையாகியிருக்கும் என்கிறார் டாக்டர். பால் கொடுத்துக்கொண்டே சுமக்க வேண்டும், மெலிந்திருக்கிறது. நூற்றுப் பதினோரு நாள் என்றால் மே மாதக் கடைசி. அந்த வெயிலை என் ஷீட்டுக் கூரை தாங்காது. உங்கள் வீட்டு வடக்கு அறையின் கற்சுவர் தாங்கும். சுனிதாவை நீ பெற்ற அறை.

ஒரு பெண்ணை அம்மாவிடம் வரவிடாமல் தடுத்தேன். இந்தப் பெண்ணையாவது அனுப்புகிறேன்.

நோட்டும் கூண்டுக்கு மேலே கட்டியிருக்கிறது. முதல் பக்கத்தையும் நான் உனக்கு நகல் எடுக்கவில்லை. நீயே பார்த்துக்கொள்.

மேஸ்திரி என்னோடு இருக்கிறான். தனியாகத்தான்.

மனோகர்


பூதிகோட்டை
1 மார்ச்

சுனிதா அப்பாவுக்கு,

கூண்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. அண்ணன் இருபது கிலோமீட்டரையும் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டியிருக்கிறார். பள்ளம் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பஞ்சுவிடம் சொல்லிவிட்டுத்தான் ஓட்டினாராம். வடக்கு அறையில் வைத்திருக்கிறேன். குட்டி கூண்டு முழுக்கக் குதிக்கிறது. மூலைக்கு மூலை நின்று பார்க்கிறது. யாருடைய பிள்ளை என்று சொல்ல வேண்டியதில்லை.

நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். "நான் அம்மாகிட்டப் போயிருக்கும்போது உதய்க்கு" என்று தலைப்புப் போட்டுக் கீழே கோடு கிழித்திருக்கிறாள். தேதி 2024 ஜனவரி. வருவதற்கு ஏற்பாடு செய்து, விட்டுப்போகிற பிராணிக்குக்கூடச் சோறு தண்ணீர் எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நோட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்துக்கு இன்னும் போகவில்லை.

இப்போது என் பாதி.

அந்த போன் விஷயம் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே என்னிடமும் பேசினாள். "அப்பாகிட்ட கேட்டேம்மா. பொறுத்துக்கச் சொல்றாரு. பரவால்ல" என்றாள். நான் உடனே ரயில் ஏறியிருக்க வேண்டும். ஊரிகம் ஸ்டேஷன் நம் வாசலிலிருந்து பத்து நிமிஷம், பெங்களூர் இரண்டரை மணி நேரம். ஏறவில்லை. என்னிடம் கேட்காமல் முடிவு செய்தவர் அவரே வாய் திறந்து சொல்லட்டும், அப்புறம் போகிறேன் என்று வீம்பாக இருந்தேன். ஒவ்வொரு நாளும் சாப்பாடு போடும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பேன். இன்று சொல்வார் என்று நினைப்பேன். முப்பத்தேழு நாள் பார்த்தேன். முப்பத்தெட்டாம் நாள் உதய் போன் செய்தான்.

உங்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது. என் பழியை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாதி சொல்வது உங்கள் பழக்கம் என்று எழுதினேனே, அதை எழுதிவிட்டு என் பாதியை எழுதாமல் உறையை ஒட்டினேன்.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. என்னை மன்னியுங்கள் என்றும் எழுத வரவில்லை. திரும்பி வருகிறேன் என்றும் எழுதமாட்டேன். அந்த வீட்டின் கூடத்தில் அந்த போன் மாட்டியிருக்கிற ஆணியை என்னால் பார்க்க முடியாது.

பஞ்சுவுக்கு மே முப்பது. டாக்டர் சொன்ன கணக்கு சரியாக இருந்து, அதன் உடம்பும் தாங்கினால். நீங்கள் ஜூன் முதல் வாரம் வாருங்கள். பெண்ணை அனுப்பியவர்கள் குழந்தை பார்க்க வருவது வழக்கம்தான். வெளியே அண்ணனோடு உட்கார்ந்து காப்பி குடியுங்கள். குட்டியைக் கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன். கண் திறந்திருக்கும்.

மேஸ்திரியைக் கொண்டுவர வேண்டாம். ரத்தினம்மாவிடம் விட்டுவிட்டு வாருங்கள். கதவைப் பார்த்துக் கூப்பிடுவான், தின்னமாட்டான். மனம் இளகாதீர்கள். தனியாக இருக்கட்டும். அவன் சாகமாட்டான்.

விமலா